கண்ணாடி மாட்டினால் காலம் தெரியுமா?

அறிவியல் கண்காட்சியில் வி.ஆர். கண்ணாடி மாட்டிப் பார்த்தவர்கள் எங்க வகுப்பில் ஆறு பேர் இருக்கோம். டைனோசர் பக்கத்தில் வந்ததும் எல்லாரும் கத்தினோம். ஆனால் நாலே நிமிஷத்தில் டைனோசர் செத்து, யானை வந்து, மனுஷனும் வந்துட்டான். "அப்ப டைனோசருக்குப் பயந்துதான் மனுஷன் குகைக்குள்ள ஓடினானா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். படம் அப்படி. நடுவில் 6 கோடி வருஷத்துக்கு மேல் போயிருக்கு!

வி.ஆர். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலத்தை ஓட்டிக் காட்டாதீங்க, நீளமாகக் காட்டுங்க என்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் என்று வச்சுக்கோங்க. எனக்கு 14 வயசு, 1.4 செ.மீ. எங்க ஆயா 7 செ.மீ. 1010-இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோவில் 1 மீட்டர் சொச்சம். கீழடி 2,600 வருஷம், 2.6 மீட்டர். சரி, நம்ம விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை கல்மரம்? 2 கோடி வருஷம். 20 கிலோமீட்டர்!

வி.ஆரில் அந்த 20 கிலோமீட்டர் ரோட்டைப் போட்டு, நம்மை பஸ்ஸில் உட்கார வைக்கட்டும். பஸ் பின்னோக்கிப் போகும். மூணு மீட்டருக்குள் கீழடி தாண்டிடும். மனுஷ இனமே 3 லட்சம் வருஷம்தான், 300 மீட்டரில் முடிஞ்சுடும். அப்புறம் முக்கால் மணி நேரம் மனுஷனே இல்லாத காடு, வெள்ளம், மணல். தாண்டிப் போக பட்டன் இருக்கக் கூடாது. போரடிக்கும். அடிக்கட்டும். அப்பத்தான் எவ்வளவு நீளம்னு உடம்புக்குத் தெரியும்.

"இது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" என்று அண்ணன் கேட்டான். எங்க தெருவில் ஒரு வீட்டு வாசலில் கல்மரத் துண்டு கிடக்கு. அதில்தான் அரிவாள் தீட்டறாங்க. மண்ணில் புதைஞ்ச மரத்துக்குள் தண்ணீரோடு சிலிக்கா இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லானது அது. மரத்தின் ரேகைகூட தெரியும். தாத்தா காலத்தில் எடுத்து வந்தாங்களாம். அவங்க கெட்டவங்க இல்லை. 2 கோடிக்கு ஏழு சைபர் என்று எல்லாருக்கும் எழுதத் தெரியும், ஆனால் அதோட கனம் தெரியலை. இப்போ அங்கே பூங்காவுக்கு வேலி இருக்கு. வாசலில் கிடக்கிற துண்டுக்கு யார் வேலி போடுவாங்க?

கண்ணாடி விலை ஜாஸ்தி. வரும்போது வரட்டும். அதுவரை ஸ்கேலும் சாக்பீஸும் போதும். இந்தச் சுவரிதழ் மாட்டியிருக்கும் ஆணியிலிருந்து இடது பக்கமாகக் கோடு போட்டிருக்கேன். பெரிய கோவில் ஜன்னலுக்கு அடியில் இருக்கு, கீழடி ஆறாம் வகுப்பு வாசல்கிட்ட. தயவுசெய்து யாரும் அழிக்காதீங்க. திருவக்கரை வரைக்கும் போட சாக்பீஸ் பத்தலை.