கடலைப் பாடிக் காட்டியவர்கள்

ராயபுரத்துக்காரருக்கும் திருவொற்றியூர்க்காரருக்கும் கடலைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கண் விழித்தால் கடல். காது கொடுத்தால் அலை. கப்பலில் மூட்டை இறக்குவோரும், மீன் பிடிக்கப் போவோரும் வாழும் இடம் அது.

அப்படிப்பட்டவர்களும் அந்தக் காலத்தில் நாடகம் பார்க்கப் போனார்கள். வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. மேடையில் கடல் எது? நீலச் சாயம் பூசிய படுதா! அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ராஜபார்ட் நடிகர் வாய் திறந்து பாடினார். படுதா கடலாயிற்று!

பவளத் தேர்

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களில் ஒன்று ‘பவளக்கொடி’. அல்லியின் மகன் புலந்திரன், விளையாடப் பவளத் தேர் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். தந்தை அர்ஜுனன் பவளம் தேடிப் புறப்படுகிறான். போன இடத்தில் பவளக்கொடியைக் கண்டு மனத்தைப் பறிகொடுக்கிறான்.

எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் இந்தக் கதையை மேடையில் நடித்துப் பேர் வாங்கினார்கள். 1934-ல் கே. சுப்ரமணியம் இதைப் பேசும் படமாக எடுத்தார். மூவருக்கும் அதுவே முதல் பேசும் படம். பாபநாசம் சிவன் பாட்டு எழுதினார். ஒரே படத்தில் சுமார் 50 பாட்டுகள்!

காக்கைத் தொல்லை

அடையாற்றில் திறந்தவெளியில் படப்பிடிப்பு. விளக்கு சூரிய பகவான்தான். மேகம் மறைத்தால் வேலை நிற்கும். சாப்பாட்டு வேளையில் காக்கைகள் கூடிவிடும். அவை கரைந்தால் அதுவும் படத்தில் பதிவாகிவிடும். காக்கை விரட்டவே துப்பாக்கியோடு ஓர் ஆளை வைத்தார்களாம்!

இத்தனைக்கும் பிறகு படம் பெரிய வெற்றி. படம் பேசுவதே அன்று புதுமை. 50 பாட்டும் யாருக்கும் அலுக்கவில்லை. ஆனால் புதுமை எத்தனை நாள் நிற்கும்? வரவரப் படங்களில் பாட்டு குறைந்தது. 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாட்டு வந்தது. பாடுகிறவர் ஒருவர், நடிக்கிறவர் ஒருவர் என்றாயிற்று.

பாட்டு செய்த வேலை

மேடையில் பாட்டு எத்தனை வேலை செய்தது! கடலைக் காட்டியது. நள்ளிரவைக் காட்டியது. மைக் இல்லாத காலத்தில், கடைசியில் தரையில் உட்கார்ந்தவருக்கும் கதை சொன்னது. ‘ஒன்ஸ்மோர்’ என்று ஒருவர் கத்தினால் நடிகர் திரும்பப் பாடினார்.

திரையில் கடலைக் காமிரா காட்டிவிடும். கடைசி வரிசைக்கு ஒலிபெருக்கி போதும். ‘ஒன்ஸ்மோர்’ என்றால் திரையில் இருப்பவர் காதில் விழாது.

ஆகவே பாட்டைக் குறைப்பது தவறல்ல. யோசிக்காமல் குறைப்பதே தவறு. கடலை வருணிக்கும் பாட்டு போகட்டும். காமிரா இருக்கிறது. ஆனால் குழந்தையின் ஆசைக்காக வீட்டை விட்டுப் போகும் தகப்பன் மனம்? அதை எந்தக் காமிரா காட்டும்? அங்கே பாட்டு நிற்க வேண்டும்.

அயல்நாட்டாரும் இதை யோசித்தார்கள். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ 1959-ல் நியூயார்க் மேடையில் அரங்கேறியது. 1965-ல் படமானபோது மேடைப் பாட்டுகள் சிலவற்றை எடுத்துவிட்டு, படத்துக்கென்று இரண்டு பாட்டுகளைப் புதிதாகச் சேர்த்தார்கள்.

தரையில் உட்காருங்கள்!

இன்றும் தென் மாவட்டக் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கிறது. ஹார்மோனியம் முழங்க, வள்ளியும் நாரதரும் பாட்டாலேயே வாதம் செய்கிறார்கள். அப்படி ஒரு நாடகத்தைப் படமாக்க வருபவர், காமிராவைத் தூக்குமுன் ஓர் இரவு முழுவதும் ஜனங்களோடு தரையில் உட்கார வேண்டும். எந்தப் பாட்டுக்குக் கிழவி கண்ணைத் துடைக்கிறாள், எந்தப் பாட்டில் குழந்தை தூங்கிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கத்தரிக்கோலை எடுக்கலாம்.

கடலைத் தினம் பார்ப்பவரையே படுதாக் கடலை நம்ப வைத்தது பாட்டு. அதை வெறும் அலங்காரம் என்று எண்ணலாமா?