குண்டு துளைக்காத தோலும் குத்திக் கிழிக்கும் சொல்லும்



'லூக் கேஜ்' என்னும் அமெரிக்கத் தொடரைப் பற்றி நம்மவர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் மூன்று குற்றச்சாட்டுகள் தவறாமல் என் செவியில் விழுகின்றன. 'அது சிறுபிள்ளைகளுக்கான சூப்பர் ஹீரோ கதை' என்பது ஒன்று. 'கறுப்பர்களின் குண்டர் கும்பல் கதை. பிள்ளைகளைக் கெடுத்துவிடும்' என்பது இரண்டு. 'எதற்கெடுத்தாலும் இனத்தைப் பேசி வெறுப்பை வளர்க்கிறது' என்பது மூன்று. இவற்றைச் சொல்வோரில் பலர் அத்தொடரின் ஓர் அத்தியாயத்தையும் முழுமையாகப் பார்த்ததில்லை. பாராமலே தீர்ப்பு எழுதும் அந்தப் பழக்கத்தைத்தான் அத்தொடர் எதிர்த்து நிற்கிறது என்பதை அவர்கள் அறிவார்களா?

இம்மூன்று குற்றச்சாட்டுகளையும் ஒவ்வொன்றாக மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தொடரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறையையும் சொல்வேன். ஆனால், இல்லாத குறையை ஏற்றிச் சொல்வதை ஏற்கமாட்டேன்.

முதலில், பார்க்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். லூக் கேஜ் 1972ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட சித்திரக்கதையில் பிறந்த பாத்திரம். அந்நிறுவனத்தின் கறுப்பின நாயகர்களுள் தன் பெயரிலேயே தனி இதழைப் பெற்ற முதல்வன் அவன். அதே பாத்திரத்தை வைத்து சியோ ஹொடாரி கோக்கர் உருவாக்கிய தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2016 செப்டம்பர் 30ஆம் நாள் வெளியிட்டது. மைக் கோல்ட்டர் நாயகனாக நடித்தார். பருவத்திற்கு 13 அத்தியாயங்கள் வீதம் இரண்டு பருவங்கள் வந்தன. இரண்டாவது 2018 ஜூனில் வந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே தொடர் நிறுத்தப்பட்டது. பின்னர் 2022 மார்ச்சில் டிஸ்னி பிளஸ் தளத்திற்கு மாறியது.

கதை நடக்கும் இடம் நியூயார்க் நகரின் ஹார்லெம். 1920களில் கறுப்பின எழுத்தும் இசையும் ஓவியமும் பெருமலர்ச்சி கண்ட மண் அது. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் காவலராக இருந்த கார்ல் லூக்காஸ், செய்யாத குற்றத்திற்காகச் சிறை செல்கிறான். சிறையில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வினால் அவன் தோல் குண்டு துளைக்காத தோலாகிவிடுகிறது. தப்பி வந்து, லூக் கேஜ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஹார்லெமில் மறைந்து வாழ்கிறான். என்ன வேலை செய்கிறான்? பகலில் 'பாப்' என்னும் பெரியவரின் முடிதிருத்தும் கடையில் தரையைப் பெருக்குகிறான். இரவில் ஒரு கேளிக்கை விடுதியில் பாத்திரம் கழுவுகிறான்.

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம்.

சிறுபிள்ளைத்தனமான கதையா இது? சூப்பர் ஹீரோ கதைகளில் வழக்கமாக உலகம் அழியும், வானம் பிளக்கும், கட்டடங்கள் சரியும். இத்தொடரில் ஆபத்துக்குள்ளாவது ஒரு தெரு, ஒரு கடை, சில இளைஞர்களின் எதிர்காலம். இதன் எதிர்நாயகர்களுள் முதன்மையானவர் மரியா டில்லார்ட் என்னும் நகரமன்ற உறுப்பினர். ஆல்ஃப்ரி உட்டார்ட் அவ்வேடத்தை ஏற்றுள்ளார். மக்கள் முன்னிலையில் குழந்தைகளை அன்போடு கட்டியணைக்கும் மரியா, மறுகணமே கிருமிநாசினியால் கைகளைத் துடைத்துக்கொள்கிறார்! ஒரு சொல் வசனமும் இன்றி ஓர் அரசியல்வாதியின் உள்ளத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமா? மேடையில் 'நம் பிள்ளைகள், நம் சமூகம்' என்று முழங்கிவிட்டு இறங்கியதும் முகஞ்சுளிக்கும் பெரியவர்களைக் கண்டிராதவர் நம்மில் யாரேனும் உண்டா? சிறுபிள்ளைகளுக்கு இக்காட்சி விளங்காது. விளங்க வேண்டியவர்கள் நாம்தாம்.

இரண்டாவது குற்றச்சாட்டு: குண்டர் கும்பல் கதை, பிள்ளைகளைக் கெடுக்கும்.

இதில் பாதி உண்மை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தொடர் வளர்ந்தோருக்கானது என்று அமெரிக்காவிலேயே தரம் பிரிக்கப்பட்டுள்ளது. கொலையும் குருதியும் காமக் காட்சியும் இதில் உண்டு. ஆரம்பப்பள்ளி மாணவர்களை இதன் முன் உட்கார வைப்பது அறிவுடைமையாகாது. கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை என்ன பார்க்கிறான் என்று திரும்பியும் பாராத பெற்றோர், பிறகு தொடரைக் குறை கூறுவதில் பொருளில்லை.

ஆனால், வன்முறையைக் காட்டுவதும் வன்முறையைக் கற்பிப்பதும் ஒன்றா? மஹெர்ஷலா அலி நடித்த கார்னெல் ஸ்டோக்ஸ் என்னும் பாத்திரத்தைப் பாருங்கள். ஹார்லெமை ஆட்டிப்படைக்கும் ஆயுத வணிகன் அவன். ஆனால், சிறுவனாக இருந்தபோது பியானோ வாசிப்பில் தனித்திறன் பெற்றிருந்தவன். அந்தத் திறனை வளர்த்திருந்தால் அவன் இசைக்கலைஞனாகியிருப்பான். வளர்த்த குடும்பமோ அவன் கையில் துப்பாக்கியைத் திணித்தது. குற்றவாளி வானத்திலிருந்து குதித்து வருவதில்லை. ஒரு வீட்டின் கூடத்தில், பெரியவர்களின் கண்முன்னே உருவாக்கப்படுகிறான். இதைச் சொல்லும் கதை பிள்ளைகளைக் கெடுக்கிறதா, பெரியவர்களைக் குற்றக்கூண்டில் நிறுத்துகிறதா?

இதற்கு நேர்மாறாக நிற்பவர் பாப். அவரும் இளமையில் கும்பலில் இருந்து சிறை சென்றவரே. விடுதலையானபின் ஒரு முடிதிருத்தும் கடையைத் திறந்து, 'இங்கே யாருக்கும் பகையில்லை' என்று அறிவிக்கிறார். எந்தக் கும்பலைச் சேர்ந்தவனும் அங்கே வரலாம். சண்டை மட்டும் கூடாது. அக்கடையில் ஓர் உண்டியல் உண்டு. கெட்ட வார்த்தை பேசுபவர் அதில் காசு போட வேண்டும். ஆசிரியர்களே, இது வகுப்பறையன்றி வேறென்ன? சுண்ணக்கட்டி இல்லை, கரும்பலகை இல்லை, பாடத்திட்டம் இல்லை. ஒழுங்கும் அன்பும் மட்டும் உண்டு. ஆயுதக் கொள்ளையொன்றில் ஈடுபட்டு உயிருக்கு அஞ்சி ஓடிவரும் சிக்கோ என்ற இளைஞன், அடைக்கலம் தேடி வருவது அக்கடைக்குத்தான். அவனைப் பாப் விரட்டவில்லை. அதற்கு விலையாக, இரண்டாம் அத்தியாயத்திலேயே தம் உயிரைக் கொடுக்கிறார்.

லூக் கேஜை வீரனாக்கியது அவன் தோல் என்று பலர் எண்ணுகின்றனர். நான் மறுக்கிறேன். தோல் வாய்த்த பிறகும் அவன் ஒளிந்துதான் வாழ்ந்தான். அவனை வெளியே வரச் செய்தது அந்த முதியவரின் வாழ்வும் சாவும். ஆற்றலைத் தந்தது ஆய்வுக்கூடம். அதனை எதற்குப் பயன்படுத்துவது என்று கற்பித்தது முடிதிருத்தும் கடை. கல்வித்துறையில் இருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான கதை வேறெது?

மூன்றாவது குற்றச்சாட்டு: இனத்தைப் பேசி வெறுப்பை வளர்க்கிறது.

2012 பிப்ரவரி 26ஆம் நாள், ஃபுளோரிடாவின் சான்ஃபோர்ட் நகரில், கடைக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்த 17 வயதுக் கறுப்பின இளைஞன் டிரேவன் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் கையில் ஆயுதம் இல்லை. ஹூடி எனப்படும் தலைமூடியுடன் கூடிய மேலாடை அணிந்திருந்தான். சுட்டவர் குடியிருப்புக் காவல் தொண்டூழியர். 2013 ஜூலையில் அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தது. அதன்பின் அந்த மேலாடையே ஓர் எதிர்ப்புச் சின்னமாயிற்று.

லூக் கேஜ் அணிவது அதே ஹூடிதான். முகமூடி இல்லை, பறக்கும் துணி இல்லை. குண்டுகள் துளைத்த ஹூடி, துளைபடாத உடல்! 2016இல் தொடரின் படைப்பாளரான கோக்கர், குண்டு துளைக்காத கறுப்பு மனிதனை வரவேற்க உலகம் ஆயத்தமாகிவிட்டது என்னும் பொருள்படப் பேசினார். அந்தப் பேச்சின் பின்னால் எத்தனை தாய்மார்களின் கண்ணீர் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தன் மகன் கடைக்குப் போய் உயிரோடு திரும்ப வேண்டும் என்பது ஒரு தாய்க்குப் பேராசையா? அந்த எளிய விருப்பத்தைக் கதையாக்கினால் அது வெறுப்பு என்றால், அன்பு என்பது எது?

மேலும், இத்தொடர் கறுப்பின மக்களை வெறும் நல்லவர்களாகப் படைக்கவில்லை. நாயகன் கறுப்பர், எதிரிகளும் கறுப்பர், சிமோன் மிசிக் நடித்த துப்பறியும் காவல் அதிகாரி மிஸ்டி நைட்டும் கறுப்பர். ஒரு காவலர் விசாரணையில் ஒரு சிறுவனை அடித்து நொறுக்குகிறார். அந்தச் சிறுவனுக்கு நீதி கேட்பதுபோல் மேடையேறும் மரியா, மக்களின் சினத்தைத் திசைதிருப்பி, லூக்கைத் துளைக்கவல்ல புதிய குண்டுகளைக் காவல்துறை வாங்குவதற்கு வழிகோலுகிறார். அடிபட்டவனின் காயத்தையே முதலீடாக்கும் அரசியல் இது. சொந்த இனத்தாரின் வஞ்சகத்தையும் இவ்வளவு கடுமையாகத் தோலுரிக்கும் படைப்பை 'இனவெறுப்பு' என்று எப்படி அழைப்பது?

நான் ஒரு மொழியாசிரியன். ஆதலால், என்னைப் பெரிதும் ஈர்த்த காட்சி ஒரு சொல்லைப் பற்றியது. பாப் இறந்தபின், ஓர் இளைஞன் லூக்கின் தலையில் துப்பாக்கியை வைத்து, கறுப்பினத்தாரை இழிவாகக் குறிக்கும் அந்தச் சொல்லால் அழைக்கிறான். அவனும் கறுப்பினத்தவனே. அவர்கள் நிற்பது கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்பவரின் பெயர் தாங்கிய கட்டடத்தின் முன். 1770 மார்ச் 5ஆம் நாள் பாஸ்டனில் பிரிட்டிஷ் படையினரின் துப்பாக்கிச்சூட்டில் மாண்டவர் அவர். அமெரிக்க விடுதலை வரலாற்றின் முதற்பலிகளுள் ஒருவராகப் போற்றப்படுபவர். லூக்குக்குத் துப்பாக்கி பொருட்டே இல்லை. அது அவனை ஒன்றும் செய்யாது. அந்தச் சொல்தான் அவனைச் சுடுகிறது. அட்டக்ஸின் வரலாற்றை அந்த இளைஞனுக்கு எடுத்துரைத்து, அச்சொல்லைத் தன்மேல் வீசாதே என்கிறான். தோலைத் துளைக்காத குண்டு உண்டு. உள்ளத்தைத் துளைக்காத இழிசொல் இல்லை.

இங்கேதான் நம்மை நோக்கி விரல் திரும்புகிறது. ஆப்பிரிக்க மக்களைக் குறிக்க நாம் வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். சுருட்டை முடியுள்ள பிள்ளையைக் 'காப்பிரி' என்று கேலி செய்வது யார்? கறுத்த மாணவனைக் 'கறுப்பன்' என்றே பெயரிட்டு அழைப்பது யார்? ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையில், கருத்த, முரட்டுத் தோற்றமுடைய மாணவன் ஒருவனைக் காட்டி, 'இவன் வருங்காலக் குண்டர்' என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். அம்மாணவனுக்கு அப்போது வயது பத்து. கட்டொழுங்குப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறுவதற்கு முன்பே நம் நாவில் ஏறிவிட்டது! பத்து வயதில் ஒட்டப்பட்ட பெயரை இருபது வயதில் அவன் மெய்யாக்கினால், பழி தொலைக்காட்சித் தொடருக்கா?

நம் நிலையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அடிமை வணிகத்தின் வரலாறு அவர்களுடையது. அதை நாம் இரவல் வாங்கிக்கொள்ளக் கூடாது. ஆனால், நிறத்தைக் கண்டு மனிதனை எடைபோடும் நோய் நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு 'கறுப்பர்களின் ரௌடிக் கதை' என்று முகஞ்சுளிக்க நமக்கு என்ன தகுதி?

தொடரின் குறையைச் சொல்வதாக வாக்களித்தேன். முதற்பருவத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கார்னெல் கொல்லப்பட்டதும் கதையின் முதுகெலும்பு வளைந்துவிடுகிறது. அதன்பின் முன்னணிக்கு வரும் வில்லிஸ் ஸ்டிரைக்கர், லூக்கின் தாய் வேறான உடன்பிறப்பு. ஒரு சமூகத்தின் சிக்கலாக இருந்த கதை, இரு சகோதரர்களின் குடும்பப் பகையாகச் சுருங்கிவிடுகிறது. அத்தியாயங்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன. இறுதிச் சண்டை, அதுவரை இத்தொடர் தவிர்த்துவந்த வழக்கமான சூப்பர் ஹீரோ சண்டையாகவே முடிகிறது. இரண்டாம் பருவம் லூக்கை அறம் சார்ந்த பெருங்குழப்பத்தில் நிறுத்திவிட்டு, விடை சொல்லாமலே நின்றுபோனது. இவை உண்மையான குறைகள். இவற்றைச் சொல்லி விமர்சியுங்கள், வரவேற்கிறேன். 'கறுப்பர் கதை' என்பது விமர்சனம் அன்று.

முதற்பருவத்தின் முடிவில் லூக்குக்கு வெற்றி கிட்டவில்லை. சாட்சி கொல்லப்பட, மரியா விடுதலையாகிறார். லூக்கோ பழைய தண்டனையை நிறைவுசெய்ய மீண்டும் சிறைக்குச் செல்கிறான். அவன் குற்றமற்றவன் என்பதற்கான ஆவணம் அந்த முடிதிருத்தும் கடையில்தான் கண்டெடுக்கப்படுகிறது. அவன் நிரபராதி என்பதற்கான சான்று, அவனை மனிதனாக மதித்த இடத்தில் இருந்தது! இதை எழுதியவர்கள் அறிந்து எழுதினார்களோ அறியாமல் எழுதினார்களோ, ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

ஆகவே, ஆசிரியர்களே, பெற்றோர்களே! இத்தொடரைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதீர்கள், நீங்கள் பாருங்கள். பார்த்தபின், உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த மாணவனை ஒருமுறை பாருங்கள். அவனை எந்தப் பெயரால் அழைக்கிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். குண்டு துளைக்காத தோலை எந்தப் பிள்ளைக்கும் நம்மால் தர இயலாது. அவர்கள் உள்ளத்தைத் துளைக்கும் சொற்களை நம் நாவிலிருந்து நீக்க நம்மால் இயலும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஓர் உண்டியல் போதும். அதனை ஆசிரியர் அறையிலேயே முதலில் வைப்போம்.