முட்டிக்கு அடியில தலையணை வைக்கிற பாசக்காரங்களுக்கு

இதை எழுதலாமா வேணாமான்னு மூணு நாளா யோசிச்சேன். எழுதினா சொந்தக்காரங்கள்ல பாதிப்பேர் என்கூட பேச மாட்டாங்க. பரவாயில்லை, கொஞ்ச நாள் போன் அடிக்காம இருந்தா எனக்கும் நிம்மதிதான் :-)

எங்கம்மாவுக்கு 2024 ஜூலையில் வலது முழங்கால் மூட்டை மாத்தினோம். வயசு 68, ரிட்டயர்டு டீச்சர். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. மறுநாளே வாக்கரைக் கையில் கொடுத்து நடக்க வச்சாங்க. ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். வீட்டுக்குக் கிளம்பும்போது முட்டி 80 டிகிரி மடங்கியது. ஆறு வாரம் கழிச்சு செக்கப்புக்குப் போனோம். அளந்து பார்த்தா 60. கூட வேண்டியது குறைஞ்சிருக்கு!

"வீட்ல என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா ரெஸ்ட் எடுக்க வச்சோம் டாக்டர். ஒரு வேலை செய்ய விடல" என்று பெருமையா சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... வீட்டுப்பாடம் எழுதாம வந்த பையனை எங்கம்மா அப்படித்தான் பார்ப்பாங்க.

60 டிகிரின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சாதாரணமா நடக்கவே முட்டி ஏறக்குறைய 65, 70 டிகிரி மடங்கணும். மாடிப்படி ஏற 85 கிட்ட வேணும். நாற்காலியில இருந்து கையை ஊனாம எழுந்திருக்க 90க்கு மேல வேணும். ஆக, லட்சக்கணக்குல செலவு பண்ணி, புது மூட்டு போட்டு, அதை நாற்காலியில இருந்து எழுந்திருக்கக்கூட உதவாத மூட்டா ஆக்கியிருக்கோம். ஆக்கியது டாக்டர் இல்லை. நாங்கதான்.

எப்படி ஆக்கினோம்னு சொல்றேன். முதல் நாள்ல இருந்தே ஆரம்பம்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் வாசல்ல ஆரத்தித் தட்டோட சித்தி. ஆஸ்பத்திரியில அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க: படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்ல. அம்மா டீச்சராச்சே, மனப்பாடமா வச்சிருந்தாங்க. வாக்கரைப் படியில ஏத்தி வச்சு, சரியா இடது காலைத் தூக்கினாங்க. சித்தி ஒரே கத்தல். "அக்கா, வலது காலை எடுத்து வச்சு வாக்கா!" அம்மா குழம்பி, இடது காலைக் கீழே வச்சிட்டு, தையல் போட்ட வலது காலைத் தூக்கினாங்க. வலி தாங்காம தடுமாறி சாயப்போய், நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் பிடிச்சோம். கண்ணு பட்டிருச்சுன்னு சொல்லி ஆரத்தியை இன்னும் ரெண்டு சுத்து சுத்தினாங்க. கண்ணு எங்க பட்டுச்சு, சித்தி குரல்தான் பட்டுச்சு.

அடுத்தது தலையணை. இந்தக் குற்றத்தைச் செய்தது நானேதான், வேற யார் மேலயும் பழி போட முடியாது. அம்மா படுத்திருக்கும்போது முட்டிக்கு அடியில ஒரு இலவம்பஞ்சுத் தலையணை வச்சேன். காலை லேசா மடக்கி வச்சா வலி குறையும், அது உண்மை. "அப்பாடா, இப்பத்தான்டா சுகமா இருக்கு"ன்னு அம்மா சொன்னப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ராத்திரி முழுக்க அப்படியே. ஒரு மாசம் அப்படியே.

அந்த ஒரு மாசத்துல கால் அரைகுறையா மடங்கின நிலையிலேயே இறுகிப்போச்சு. முட்டியைச் சுத்தி உள்ளே தழும்பு பிடிச்சு, முழுசா நீட்டவும் முடியல, முழுசா மடக்கவும் முடியல. தலையணை வைக்கணும்னா குதிகாலுக்குக் கீழே வைக்கணும். அப்பத்தான் முட்டி தன் எடையாலேயே நேராகும். அது வலிக்கும். சுகமா இருக்கிறது கெடுதல், வலிக்கிறது நல்லது. இந்த ஒரு விஷயத்தை எந்தப் பாசக்கார மனசு ஒத்துக்கும்?

அப்புறம் பார்க்க வர்ற கூட்டம். கையில ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, சாத்துக்குடி. காலை பதினோரு மணிக்கு எக்சர்சைஸ் நேரம்னு வச்சிருந்தோம். அந்த நேரத்துக்குச் சரியா யாராவது வருவாங்க. வந்தவங்க முன்னாடி காலை மடக்கிக் காட்டி முகம் சுளிக்க அம்மாவுக்குக் கூச்சம். வந்தவங்களும் சும்மா இருப்பாங்களா? "ஐயோ பாவம், இந்த வயசுல எதுக்குப் போட்டு வதைக்கிறீங்க, கொஞ்ச நாள் படுத்திருக்கட்டுமே." "எங்க மச்சினி மாமியார் மூணு மாசம் கட்டிலை விட்டே இறங்கல, இப்ப நல்லாத்தான் இருக்காங்க." (அந்த மாமியார் இப்ப கழிவறைக்குக்கூட ரெண்டு பேர் பிடிச்சுத்தான் போறாங்கன்னு அப்புறம் தெரிஞ்சது.) சுடச்சுட நல்லெண்ணெய் காய்ச்சி தையல் மேல தேய்க்கச் சொன்ன மாமாவை என் மனைவி வாசலோட அனுப்பிட்டா. அந்த ஒரு விஷயத்துல தப்பிச்சோம். வீக்கத்துக்கு ஐஸ்தான் வைக்கணும், அதுவும் துணியில சுத்தி, ஒரு தடவைக்கு கால் மணி, இருபது நிமிஷம்.

பத்தியத்தை மறந்துட்டேனே. பருப்பு சாப்பிட்டா சீழ் வைக்கும், முட்டை ஆகாது, மீன் கூடாது. காயம் ஆறவும் தொடைச் சதை திரும்ப ஏறவும் எது வேணுமோ, அது பூரா லிஸ்ட்ல தடை. ரசம் சாதமும் இட்லியும் சாப்பிட்டு எங்கம்மா நாலு கிலோ இளைச்சாங்க. இளைச்சதைப் பார்த்து, "பாவம், உடம்புல தெம்பே இல்ல, நடக்கச் சொல்லாதீங்க"ன்னாங்க. எப்படி இருக்கு கதை?

சரி, எதிர்க்கேள்வி ஒண்ணு வரும். பெத்த தாய் வலியில அழும்போது காலை மடக்குன்னு எப்படிப்பா சொல்றது? நியாயமான கேள்வி. நானும் அதனாலதான் விட்டேன். "இன்னிக்கு வேணாம்டா, நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு அம்மா சொன்னா, சரிம்மான்னு எழுந்து போயிடுவேன். அதுக்குப் பேரு பாசம் இல்லை. அழுகையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போனப்புறம் கொடுக்காம, எக்சர்சைஸுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னாடி கொடுத்திருந்தா பாதி அழுகை இருந்திருக்காது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதான், நேரத்தை மட்டும் மாத்தணும். இதை யாரும் சொல்லல. "மாத்திரை சூடு, கிட்னி போயிடும்"னு மட்டும் பத்து பேர் சொன்னாங்க.

படுத்தே கிடந்தா கால் இறுகுறது மட்டும் பிரச்சினை இல்லை. கெண்டைக்கால்ல ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அதுக்குத்தான் ரத்தம் உறையாம இருக்க மருந்து கொடுக்கிறாங்க, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்றாங்க. கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ சொந்தக்காரங்க கிட்ட அபிப்ராயம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, வண்டியை எடுங்க.

வாஜ்பாய் ஞாபகம் இருக்கா? பிரதமரா இருக்கும்போதே ரெண்டு முட்டியும் மாத்திக்கிட்டவர். 2000 அக்டோபர்ல இடது, 2001 ஜூன்ல வலது, ரெண்டும் மும்பையில, டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத் செஞ்சார். ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு ஐந்து வாரத்துல, ஜூலை நடுவுல, ஆக்ராவுல முஷாரஃப் கூட உச்சி மாநாட்டுல உட்கார்ந்திருந்தார். வயசு 76. பிரதமருக்கு ஆள் அம்பு எல்லாம் இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா முட்டியை அவருக்குப் பதிலா வேற யாரும் மடக்கியிருக்க முடியாது. அதே ஐந்தாவது வாரத்துல எங்கம்மாவுக்கு சமையல்கட்டு வரைக்கும் போக அனுமதி இல்லை.

வீட்டை மட்டும் திட்டிட்டு ஆஸ்பத்திரியை விட்டா நியாயம் இல்லை. 2017 ஆகஸ்ட்ல தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு விலை வச்சது. சராசரியா ஒன்றரை லட்சத்துக்கு மேல இருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு (வரி தனி) இறங்கியது. நல்ல காரியம், கை தட்டுவோம். ஆனா உலோகத்துக்கு விலை வச்சவங்க, அதுக்கப்புறம் வர்ற மூணு மாசத்தைப் பத்தி யோசிக்கல. எங்களுக்குச் சொன்ன 'பேக்கேஜ்'ல ரூம், ஓடி, மூட்டு, மருந்து, சாப்பாடு எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வர்ற ஃபிசியோதெரபி இல்லை. டிஸ்சார்ஜ் காகிதத்துல கடைசியில இங்கிலீஷ்ல ரெண்டே வார்த்தை: ஃபிசியோதெரபி அட்வைஸ்டு. யார் வருவாங்க, எத்தனை நாள், எத்தனை தடவை, எத்தனை டிகிரி வரணும், வரலைன்னா என்ன ஆகும்... ஒண்ணும் கிடையாது. கேட்டா, "பேம்ப்ளெட் கொடுத்தோமே சார்"ங்கிறாங்க. அதுல ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சிரிச்சுக்கிட்டே காலைத் தூக்குற படம். எங்கம்மா அதைப் பார்த்து, "இவளுக்கு வலிக்கவே இல்லை போலிருக்கே"ன்னாங்க.

ஒரு தடவைக்கு 600 ரூபாய்னு ஃபிசியோ கேட்டப்போ நான் கணக்குப் போட்டேன். தினமும் வந்தா மாசம் 18,000. வாரம் ரெண்டு நாள் போதும்னேன். மூணு லட்சத்துக்கு யோசிக்காதவன் பதினெட்டாயிரத்துக்கு யோசிச்சேன். அந்தக் கஞ்சத்தனத்தோட பலன் கீழே வருது.

இன்னொண்ணு. "நாங்க பார்த்துக்கிட்டோம்"னு நான் எழுதிக்கிட்டே வர்றேனே, அந்த 'நாங்க' யாருங்கிறீங்க? ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப் போனது என் மனைவி. குளிக்க வச்சது, காலுறை மாட்டிவிட்டது, வந்தவங்களுக்கெல்லாம் காபி போட்டது அவள்தான். அம்மாவைப் பார்த்துக்க வேண்டிய நேரத்துல பாதி, அம்மாவைப் பார்க்க வந்தவங்களைப் பார்த்துக்கவே போச்சு. நான் மேற்பார்வை. தலையணை வச்சேன்ல!

இடுப்பு மூட்டு மாத்தினவங்க வீட்டுலயும் இதே அறிவுரையை அள்ளி வீசாதீங்க. அது வேற கணக்கு. ஆபரேஷனைப் பொறுத்து, சில பேருக்கு முதல் சில வாரம் ரொம்பக் குனியக்கூடாது, தாழ்வான ஸ்டூல்ல உட்காரக்கூடாது, கால் மேல கால் போடக்கூடாதும்பாங்க. முட்டிக்காரங்களை மடக்கச் சொல்லணும், இடுப்புக்காரங்களை அளவோட மடக்கச் சொல்லணும். நம்மாளுங்க ரெண்டு பேரையும் படுக்கச் சொல்றாங்க.

கடைசியில என்ன ஆச்சு? எட்டாவது வாரம் அம்மாவுக்குத் திரும்ப மயக்க மருந்து கொடுத்து, டாக்டர் முட்டியைக் கையால பிடிச்சு மடக்கிவிட்டார். உள்ளே ஒட்டியிருந்த தழும்பெல்லாம் பிரியணுமாம். மூணு மாசத்துக்கு மேல தள்ளினா இதுவும் சரியா பலிக்காதுன்னார். அதுக்கு ஆன செலவுல அந்த ஃபிசியோ பொண்ணு ரெண்டு மாசம் தினமும் வந்திருப்பாள். அதுக்கப்புறம் தினமும்தான் வந்தாள். "டீச்சர், இன்னும் ரெண்டு டிகிரி, ஹோம்வொர்க் முடிக்காம விடமாட்டேன்"னு அவள் மிரட்ட, எங்கம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே மடக்கினாங்க. நான் எழுந்து போகாம பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்ப 105 டிகிரி. மொட்டைமாடிக்குப் போய் வத்தல் காய வைக்கிறாங்க. காலை முழுசா நீட்ட மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி. அதனால நடையில ஒரு சின்ன சாய்வு இருக்கு, அது போகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த சாய்வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இலவம்பஞ்சுத் தலையணைதான் கண்ணுல தெரியுது.

தை பொறந்ததும் இடது முட்டிக்கு நாள் குறிச்சிருக்கோம். விஷயம் தெரிஞ்சு சித்தி நேத்து போன் பண்ணினாங்க.

"ஏம்ப்பா, அக்காவுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்? ஹார்லிக்ஸா, பூஸ்ட்டா?"

"ஒண்ணும் வேணாம் சித்தி. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க. அம்மா வராண்டாவுல இருபது தடவை நடக்கணும், கூட நடக்க ஆள் வேணும்."

"நானா? எனக்கே முட்டி வலிடா..."

"அப்ப கண்டிப்பா வாங்க சித்தி."