விமானம் வருகிறது, ஜாமீன் எங்கே?

பெரம்பலூர்க் கடையில் பம்புசெட் மோட்டார் வாங்கும் விவசாயி என்ன கேட்கிறார்? "எத்தனை வருஷம் உத்தரவாதம்? காயில் எரிந்தால் யார் கட்டித் தருவது? அதுவரை மாற்று மோட்டார் உண்டா?" மோட்டார் பத்து நாள் நின்றால் சின்ன வெங்காயம் வாடும், களையெடுக்கும் பெண்களின் கூலியும் போகும். உத்தரவாதச் சீட்டு காயிலைத் தரும். போன கூலியைத் தராது.

போர் விமானம் வாங்கும் டில்லி சர்க்கார் இப்படிக் கேட்கிறதா?

கடற்படைக்காக ரஷ்யாவிடம் 2004, 2010 ஒப்பந்தங்களில் 45 மிக்-29கே ரக விமானங்கள் வாங்கப்பட்டன. குறைகள் இருந்தும் விமானங்கள் ஏற்கப்பட்டன என்றது 2016 தணிக்கை அறிக்கை. வடிவமைப்புக் கோளாறால் 40 எஞ்சின்கள், அதாவது நூற்றுக்கு 62, கழற்றப்பட்டன. அரியலூர் சிமெண்டு ஆலை ஃபிட்டர்கூட மிஷினை ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்!

அடுத்தது ரஃபேல். 2016 செப்டம்பர் 23-ல் 36 விமானங்களுக்குச் சுமார் 59 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாயிற்று. பாங்கி ஜாமீன் இல்லை. பிரெஞ்சு சர்க்காரின் ஜாமீனும் இல்லை. ஓர் ஆதரவுக் கடிதம் மட்டுமே. ஜாமீன் செலவு மிச்சமானது கம்பெனிக்கே லாபம் என்று 2019 தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியது. கடிதத்தை நம்பிக் கடன் கொடுக்கும் பாங்கி எந்த ஊரில் இருக்கிறது?

நல்ல ஷரத்தை நல்லது என்றே சொல்வோம். ஐந்தாண்டுக்கு நூற்றுக்கு 75 விமானங்கள் பறக்கத் தயாராக இருக்கவேண்டும் என்று அதே ஒப்பந்தம் கூறியது. மாற்றிய உதிரிப் பாகத்தை எண்ணாமல் பறக்கும் விமானத்தை எண்ணுவதே உண்மையான உத்தரவாதம். ஆனால் தவறினால் வசூலிக்க, பணம் நம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

2025 ஏப்ரல் 28-ல் கடற்படைக்கு மேலும் 26 ரஃபேல் விமானங்கள் வாங்க, சுமார் 63 ஆயிரம் கோடிக்குக் கையெழுத்தாகியிருக்கிறது. சர்க்காரை நாம் கேட்கிறோம்: உத்தரவாதத் தவணை எந்த நாளில் தொடங்குகிறது? பழுதாகி நின்ற நாட்கள் தவணையோடு சேர்க்கப்படுமா? ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் எல்லா விமானங்களையும் கம்பெனி தன் செலவில் திருத்துமா? ஜாமீன் எந்தப் பாங்கியில்?

ராணுவ ரகசியத்தை நாம் கேட்கவில்லை. சோப்புக் கட்டிக்கும் செருப்புக்கும் வரி கொடுக்கும் உழைப்பாளியின் பணம் இது. பழுதான எஞ்சினோடு மேலே போகிறவனின் உயிர் இது. பார்லிமெண்டில் பதில் வரட்டும்!