சனி, ஞாயிறு சிப்பாய்கள்!

உங்களுக்கு 19 வயசு. வருஷம் 1967. நீங்கள் இருப்பது அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். ஒரு நாள் தபாலில் அரசாங்கக் கடிதம் வருகிறது. வணக்கமெல்லாம் போட்டு மரியாதையாகத்தான் ஆரம்பிக்கும். விஷயம் மட்டும் கொஞ்சம் விவகாரமானது. 'இன்ன தேதியில், இன்ன இடத்தில், ராணுவத்தில் சேர வந்து நில்.' சேர்ந்த சில மாதத்தில் வியட்நாம்.

தப்பிக்க வழியே இல்லையா? இருந்தது. காலேஜில் சேர்ந்தால் டிகிரி முடிகிறவரை விட்டுவைப்பார்கள். (அரியர் வைத்தால் அங்கே அப்பா திட்டமாட்டார், ராணுவம் வந்து கூட்டிக்கொண்டு போகும்!) காசு இல்லாதவனுக்குக் காலேஜ் கிடையாது. கனடாவுக்கு ஓடலாம், திரும்பி வரமுடியாது. ஜெயிலுக்குப் போகலாம், ஊரில் தலைகாட்ட முடியாது.

இன்னொரு வழியும் இருந்தது. அதன் பெயர் நேஷனல் கார்டு.

நம்ம ஊர் என்.சி.சி. மாதிரியா என்று கேட்காதீர்கள். என்.சி.சி.யில் பரேடு, கேம்ப், முடிந்ததும் டிபன், அவ்வளவுதான். கேடட்டைச் சண்டைக்கு அனுப்ப சட்டத்தில் இடமில்லை. நேஷனல் கார்டு நிஜ ராணுவத்தின் ரிசர்வ். ஆரம்பத்தில் சில மாதம் முழுநேரப் பயிற்சி. பிறகு மாதம் ஒரு சனி ஞாயிறு, கோடையில் இரண்டு வாரம். மொத்தம் 6 வருஷ ஒப்பந்தம். மற்ற நாளெல்லாம் நீங்கள் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கலாம், விவசாயம் செய்யலாம், கல்யாணம் கட்டிக்கொள்ளலாம்.

இதில் சேர்ந்தவர்களை ஏன் வியட்நாம் அனுப்பவில்லை? அது ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் கணக்கு. 1965 ஜூலை 28 அன்று டி.வி.யில் தோன்றிப் போருக்கு இன்னும் படை அனுப்பப்போவதாகச் சொன்னார். மாதம் 17 ஆயிரம் பேரைக் கட்டாயமாகச் சேர்ப்பதை 35 ஆயிரம் ஆக்கப்போவதாகவும் சொன்னார். ஆனால் ரிசர்வ் படையை இப்போதைக்குத் தொடமாட்டேன் என்றார். காரணம் சிம்பிள். ஒரு ரிசர்வ் யூனிட்டைக் கூப்பிட்டால் ஒரே ஊரிலிருந்து நூறு பேர் ஒரே நாளில் கிளம்புவார்கள். ஊரே ரயில்வே ஸ்டேஷனில் நின்று அழும். மேயர், எம்.பி., பத்திரிகைக்காரர் என்று எல்லோரும் 'எதுக்குய்யா இந்தப் போர்?' என்று கேட்பார்கள். தபாலில் ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டால் அந்தந்த வீடு மட்டும்தான் அழும். அரசியல்வாதி எந்த ஊரிலும் அரசியல்வாதிதான்.

இந்தக் கணக்கு வெளியே தெரிந்ததும் நேஷனல் கார்டு ஆபீஸ் வாசலில் க்யூ. வெயிட்டிங் லிஸ்ட்டில் ஒரு லட்சம் பேர் வரை இருந்ததாகச் சொல்வார்கள். அந்த லிஸ்ட்டில் மேலே வர ஆள் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பின இளைஞர்கள் அந்த நாளைய நேஷனல் கார்டில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

கென்டக்கி மாநிலத்தில் பார்ட்ஸ்டவுன் என்று ஓர் ஊர். அன்றைக்கு மக்கள்தொகை சுமார் 5 ஆயிரம். விஸ்கி காய்ச்சுவதில் உலகப் புகழ். இந்த ஊருக்கும் ஒரு நேஷனல் கார்டு யூனிட் இருந்தது: 138-வது பீரங்கிப் படையின் 2-வது பட்டாலியன், சி பேட்டரி. 'பேட்டரி' என்றதும் டார்ச் லைட்டை நினைக்காதீர்கள். பீரங்கிப் படையில் ஆறு பீரங்கியும் அதை இயக்கும் நூறு சொச்சம் பேரும் சேர்ந்தால் ஒரு பேட்டரி. மற்ற பேட்டரிகளும் இதே மாதிரி கென்டக்கியின் வேறு வேறு ஊர்ப் பசங்களை வைத்துத்தான் நடந்தன.

இந்தப் படைக்கு ஒரு பெரிய பரம்பரையும் உண்டு. 'லூயிவில் லீஜியன்' என்ற பழைய தொண்டர் படையிலிருந்து வந்தது. 1846-ல் மெக்சிகோ போருக்குப் போனவர்கள். இரண்டாம் உலகப் போரில் 38-வது டிவிஷனோடு பிலிப்பைன்ஸில் இருந்தவர்கள். பார்ட்ஸ்டவுனில் அப்பா இருந்தார், மாமா இருந்தார் என்று சேர்ந்தவனும் உண்டு. மாதச் செலவுக்கு ஆகுமே என்று சேர்ந்தவனும் உண்டு. ஃப்ரெண்ட் சேர்ந்தான், நானும் சேர்ந்தேன் கேஸும் உண்டு. வியட்நாமுக்குப் பயந்து சேர்ந்தவனும் உண்டு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சட்டப்படி திறந்திருந்த கதவு அது.

1968 ஜனவரியில் அந்தக் கதவு ஆட்டம் கண்டது. 23-ம் தேதி 'பியூப்ளோ' என்ற அமெரிக்க உளவுக் கப்பலை வட கொரியா பிடித்தது. அதே மாதக் கடைசியில் வியட்நாமில் 'டெட்' தாக்குதல். நாடு முழுக்க ஒரே நேரத்தில் நகரங்களுக்குள் புகுந்து அடித்தார்கள். ஆள் பற்றாக்குறை. ஏப்ரலில் அறிவிப்பு வந்தது, மே 13-ம் தேதி பார்ட்ஸ்டவுன் பசங்க முழுநேர ராணுவ வீரர்கள் ஆனார்கள். கூப்பிட்டது செல்லாது என்று நாட்டின் பல பக்கம் ரிசர்வ் வீரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பலிக்கவில்லை.

இதில் ஒரு கூத்து. அவர்களைக் கூப்பிட்ட இரண்டே வாரத்தில், மே 27-ம் தேதி, டெக்சாஸ் விமானப்படை நேஷனல் கார்டில் ஓர் இளைஞர் சேர்ந்தார். அவருக்கு வியட்நாம் போகும் வேலை வரவே இல்லை. பெயர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அப்பா அப்போது எம்.பி.!

டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட் முகாமில் சில மாதப் பயிற்சி. அக்டோபர் 1968-ல் பட்டாலியன் வியட்நாம் போய் இறங்கியது. வடக்குப் பகுதியில் ஹ்யூ நகரத்துப் பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்த 101-வது ஏர்போர்ன் டிவிஷனுக்குப் பீரங்கி ஆதரவு கொடுப்பது வேலை.

அந்த வேலை எப்படி நடக்கும் தெரியுமா? சுடுகிறவனுக்கு இலக்கு தெரியாது. 155 மி.மீ. ஹோவிட்சரின் ஒரு குண்டு 43 கிலோ. நம்ம ஊர் அரிசி மூட்டையில் முக்கால்வாசிக்கும் குறைவுதான் என்று நினைத்தால், ராத்திரி பூரா அதைத் தூக்கிப் பாருங்கள். அது 14 கிலோமீட்டர் தாண்டிப் போய் விழும். காட்டுக்குள் காலாட்படையோடு ஒரு கண்காணிப்பாளர் இருப்பார். எதிரி எங்கே என்று மேப் பார்த்து வயர்லெஸ்ஸில் எண்களைச் சொல்வார். இங்கே ஒரு கூடாரத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். தூரம், உயர வித்தியாசம், காற்று, வெடிமருந்தின் சூடு எல்லாம் சேர்த்து, குழாயை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப, எவ்வளவு தூக்க, எத்தனை மருந்துப் பை போட என்று விடை வரும். முழுக்க ட்ரிக்னாமெட்ரி. முதல் குண்டு விழுந்ததும் கண்காணிப்பாளர் 'வலது 100, கூட்டு 50' என்கிற மாதிரி திருத்தம் சொல்வார். ப்ளஸ் டூவில் 'இந்த சைன் தீட்டா எதுக்குடா உதவப்போகுது' என்று கேட்டோமே... கணக்கில் தப்பு வந்தால் குண்டு நம்ம ஆள் தலையிலேயே விழும்.

'வீக்எண்ட் சிப்பாய்கள்' இதில் சொதப்புவார்கள் என்று முழுநேர ராணுவம் நினைத்தது. நடந்தது வேறு. முழுநேர யூனிட்டில் ஆள் 12 மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பான். பக்கத்தில் நிற்பவன் பெயர் பழகுவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிடுவான். பார்ட்ஸ்டவுன் பசங்க வருஷக்கணக்கில் ஒரே பீரங்கியில் ஒரே டீமாக நின்றவர்கள். டிராக்டர் ரிப்பேர் செய்த கை பீரங்கி வண்டியையும் ரிப்பேர் செய்தது. கண் ஜாடையிலேயே வேலை ஓடும். நம்ம தெரு கிரிக்கெட் டீம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ராணுவத்துக்கு இதிலேயே ஒரு பயம் வந்தது. ஒரு பீரங்கியில் ஒரு ராக்கெட் விழுந்தால் ஒரே தெருவில் ஆறு வீட்டில் இழவு. அதனால் கார்டு யூனிட் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு யூனிட்டுகளுக்கு அனுப்பி, வெளியாட்களை இங்கே போட்டார்கள். பசங்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. 'சேர்ந்து வந்தோம், சேர்ந்தே போறோம்' என்ற மனசு.

பயம் பொய்யில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டன் 'நண்பர்கள் பட்டாளம்' என்று ஒன்று வைத்தது. ஒரே ஊர், ஒரே மில், ஒரே ஃபுட்பால் கிளப்பிலிருந்து சேர்ந்தால் ஒன்றாகவே இருக்கலாம் என்று ஆசை காட்டி ஆள் பிடித்தார்கள். அக்ரிங்டன் என்ற மில் ஊரின் பட்டாளம் 1916 ஜூலை 1 அன்று சோம் போர்முனையில் பதுங்குகுழியை விட்டு ஏறியது. போனது சுமார் 700 பேர். அரை மணி நேரத்தில் 500 பேருக்கு மேல் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள்.

1969 ஜூனில் சி பேட்டரி இருந்த இடத்துக்குப் பெயர் ஃபயர்பேஸ் டோமஹாக். ஹ்யூவுக்கும் டானாங்குக்கும் நடுவே, 1-ம் நம்பர் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு குன்று. அதைவிட உயரமான மலைகள் சுற்றி நின்று இவர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. காவலுக்குக் கொஞ்சம் காலாட்படை. வெளியே முள்வேலி.

ஜூன் 19, நடுராத்திரி தாண்டியிருந்தது. மழை, மூடுபனி. வட வியட்நாமின் சாப்பர் படையினர், அதாவது வேலிக்குள் சத்தமில்லாமல் ஊர்ந்து வருவதற்கென்றே பழக்கப்பட்டவர்கள், கம்பியை வெட்டி உள்ளே வந்துவிட்டார்கள். கையில் வெடிமருந்துப் பொட்டலங்கள், தோளில் ராக்கெட் லாஞ்சர். முதல் சத்தம் கேட்டபோது அவர்கள் பங்கர் வாசலில் நின்றிருந்தார்கள்.

14 கிலோமீட்டர் சுடுகிற பீரங்கி, 10 அடியில் நிற்கிறவனை என்ன செய்யும்? பீரங்கி வண்டிகளே ராக்கெட்டுக்கு இலக்கானது. உள்ளே அடுக்கியிருந்த மருந்தும் குண்டும் பற்றிக்கொண்டன. கணக்குப் போடுகிறவனும் சமையல்காரனும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இருட்டில், யார் நம்ம ஆள் என்று தெரியாமல், குழிக்குக் குழி சண்டை போட்டார்கள். குன்று விழவில்லை. ஆனால் விடிந்தபோது பங்கர்கள் பலவும் பீரங்கிகள் சிலவும் சாம்பல். பேட்டரியில் 9 பேர் இறந்தார்கள், 32 பேருக்குக் காயம். காவலுக்கு நின்ற காலாட்படையிலும் சாவு. அந்தப் போரில் நேஷனல் கார்டு யூனிட் ஒன்றுக்கு நேர்ந்த மிக மோசமான ராத்திரி அது.

வெளியாட்களைக் கலந்திருந்தும், பார்ட்ஸ்டவுனுக்குப் போன தகவல் ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. 5 ஆயிரம் பேர் ஊரில் ராணுவ கார் ஒன்று நுழைந்தால் எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறது என்பதுதான் தெரியாது. அந்த ஊரின் கதையை ஜிம் வில்சன் என்பவர் பின்னால் ஒரு புத்தகமாகவே எழுதினார்: 'தி சன்ஸ் ஆஃப் பார்ட்ஸ்டவுன்', 1994.

ஆட்களைக் கலந்தது சரியா, தப்பா? எனக்கு அந்தத் திட்டத்தில் ஒரு நெருடல் உண்டு. செத்தவர் எண்ணிக்கை அதனால் ஒன்றுகூடக் குறையாது. ஒரு ஊரில் விழ வேண்டிய இழவு ஒன்பது ஊரில் சிதறி விழும். அதனால் யாருக்கு லாபம்? எந்த ஊரும் மொத்தமாகக் கோபப்படாது. 1965-ல் ஜான்சன் போட்ட அதே கணக்குதான், போர்முனை வரைக்கும் கூடவே வந்திருக்கிறது.

பார்ட்ஸ்டவுன் மட்டுமில்லை. நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலிருந்து 197-வது பீரங்கிப் படையின் 3-வது பட்டாலியனும் அதே சமயம் வியட்நாம் போயிருந்தது. டூர் முடிந்து ஊருக்குக் கிளம்பச் சில நாட்கள்தான் பாக்கி. 1969 ஆகஸ்ட் 26 அன்று அவர்களின் டிரக் ஒன்று கண்ணிவெடியில் ஏறியது. இறந்த ஐந்து பேரும் மான்செஸ்டர் என்ற ஒரே ஊர்.

போர் முடியும் காலத்தில் ராணுவத் தளபதியான கிரைட்டன் ஏப்ரம்ஸ், இனி ரிசர்வைக் கூப்பிடாமல் பெரிய போரே நடத்தமுடியாதபடி படையை அமைக்க நினைத்தார் என்று சொல்வார்கள். ஊர் ஊராகப் பசங்களை அனுப்ப வேண்டிவந்தால், போருக்கு முன்னாலேயே நாடு யோசிக்குமாம். அவர் மனசில் உண்மையிலேயே அதுதான் இருந்ததா என்று சரித்திரப் பேராசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு 1973-ல் நின்றது. 2003-ல் இராக் போர் வந்தது. 2005-ல் ஒரு கட்டத்தில் அங்கிருந்த அமெரிக்கச் சண்டைப் படையில் கிட்டத்தட்ட பாதி நேஷனல் கார்டு. அனுப்பிவைத்த ஜனாதிபதி, மேலே சொன்ன அதே டெக்சாஸ் கார்டு இளைஞர்.

பீரங்கிப் படை கார்டுகளும் போனார்கள். ஆனால் அங்கே பீரங்கிக்கு வேலை குறைவு. அவர்களில் பலருக்குச் சில வாரம் புதுப் பயிற்சி கொடுத்து, லாரி வரிசைக்குக் காவலாகவும் ராணுவப் போலீஸாகவும் ரோட்டில் நிறுத்தினார்கள். வருஷக்கணக்கில் சனி, ஞாயிறுகளில் பழகிய ட்ரிக்னாமெட்ரியை முகாமிலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டு, ரோட்டோரக் குப்பைக்குள் குண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார்கள்.