பாங்கி விரட்டினால் சர்க்கார் கடன்!

அமெரிக்காவிலும் ஒழுகும் கூரை உண்டு. கிராமத்துக் கூலிக்காரர் கடன் கேட்டுப் போனால் பல பாங்கிகள் கையை விரிக்கும்.

இதற்காக 1949-ல் ஒரு சட்டம் வந்தது. கடன் கொடுப்பது யார் தெரியுமா? விவசாய இலாகா! முதலில் நிலமுள்ள விவசாயிகளுக்குத்தான் கொடுத்தார்கள். 1961-ல் மற்ற கிராமவாசிகளுக்கும் வழி பிறந்தது.

பெரும்பாலும் முன்பணம் வேண்டாம். 33 வருடத்தில் அடைக்கலாம். மிகவும் ஏழையென்றால் 38 வருடம். சலுகையால் வட்டி 1 சதவீதம் வரை இறங்கும். "வேறெங்கும் நியாயமான கடன் கிடைக்கவில்லை" என்பதும் இதற்கு ஒரு தகுதி! பாங்கி விரட்டியதே இங்கே சிபாரிசு.

வீட்டை விற்றால் வட்டிச் சலுகையில் ஒரு பகுதியோ முழுவதுமோ திருப்பிக் கேட்பார்கள். அது போகட்டும். அமெரிக்கப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கினால்தான் கடனே உண்டு. பணம் தீர்ந்தால் மனு காத்திருக்கும். சட்டம் போட்டவர்கள் பெட்டியையும் திறக்க வேண்டாமா?