காட்டு வழியும் காலோட்டமும்



ஓடுவதற்கு நம்மவர் அறிந்த காரணங்கள் இரண்டே. ஒன்று, பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஓடுவது. மற்றது, நாய் துரத்துவதனால் ஓடுவது. இவ்விரண்டும் இன்றி ஒருவர் விடியற்காலையிலே எழுந்து, சேற்றிலும் பனியிலும் மைற்கணக்காக ஓடுகின்றாரென்றால், “இவருக்கு என்ன குறை?” என்று வினவுவதே நம் வழக்கம். நாமும் அவ்வாறு வினவியவர்களுள் ஒருவரே. ஆயின், சென்ற ஆண்டின் இலையுதிர்காலத்திலே இலண்டனை அடுத்த லௌட்டன் என்னும் ஊரிலே எம் தங்கையார் வீட்டிற் சில நாள் தங்கியிருந்தபோது நிகழ்ந்த ஒரு வழக்கு, எம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

வழக்கு இதுதான். தங்கையின் மகளுக்கு வயது பதினேழு. உயர்தர வகுப்பு மாணவி. தோழியர் இருவரோடு சனிக்கிழமைகளிலே காட்டு வழியே ஓடிப் பழக வேண்டுமென்பது அவள் விருப்பம். தாயோ இசையவில்லை.

“அண்ணா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஊரிலே விறகு பொறுக்கக்கூட நாங்கள் தனியே காட்டுக்குப் போனதில்லை. இவள் காட்டுக்குள்ளே ஓடப் போகிறாளாம்!”

“மாமா, அம்மா ஒரு நாளாவது அந்தக் காட்டைப் பார்த்திருக்கிறாவா என்று கேளுங்கள். வந்து பதினெட்டு வருடம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.”

இடத்தைப் பாராது தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆகவே மறுநாட் காலையிலே மூவருமாகக் காட்டைப் பார்க்கப் புறப்பட்டோம்.

கொழும்புக் கோட்டைக்கு நுகேகொடை எவ்வாறோ, இலண்டனுக்கு லௌட்டன் அவ்வாறு. நிலக்கீழ் இரயிற் பாதைகளுள் ஒன்றாகிய சென்ட்ரல் லைன் 1948ஆம் ஆண்டிலே இவ்வூர்வரை நீட்டப்பட்டது. காலையிலே அலுவலுக்குச் சென்று மாலையிலே மீள்வோரே இங்கு மிகுதி. இதன் மேற்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கிடப்பது எப்பிங் காடு. லீ, ரோடிங் என்னும் இரண்டு ஆறுகளுக்கிடையேயுள்ள மேட்டிலே, ஏறத்தாழ 6,000 ஏக்கர் பரப்பும் 12 மைல் நீளமும் கொண்டது. அதன் தென்முனை மேனர் பார்க் பகுதியிலுள்ள வொன்ஸ்டெட் வெளியாகும். அப்பகுதியிலே நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள முருகன் ஆலயத்துக்குச் சென்று வருவோரிற் பலர், அருகேயுள்ள அந்தப் புல்வெளி ஒரு பெருங் காட்டின் வாயில் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓடுவோர்க்கு லௌட்டனிலிருந்து மூன்று வழிகள் உண்டு. முதலாவது சிறியது. ஸ்டேப்பிள்ஸ் றோட் என்னும் தெருவிலே ஒரு புறம் வீடுகள், மறுபுறம் காடு. அங்கே நுழைந்து, லௌட்டன் ஓடையை ஒட்டிச் சென்று, போல்ட்வின் குளத்தை அடைந்து, மேடேறி, ஸ்ட்ராபெரி மலைக் குளத்தின் வழியாகத் திரும்பிவிடலாம். புதிதாக ஓடத் தொடங்குவோர்க்கு இதுவே ஏற்றது. இரண்டாவது வழி வடக்கே செல்வது. பசுமைப் பாதை எனப்படும் அகன்ற புல்வழியைப் பற்றிக்கொண்டு சென்றால், இரும்புக் காலத்து மக்கள் எழுப்பிய இரண்டு மண் அரண்களைக் காணலாம். ஒன்று லௌட்டன் கோட்டை. மற்றது ஆம்பிரெஸ்பரி அரண். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வரண்களைக் கடந்து எப்பிங் நகரை அடைந்து, இரயிலேறி மூன்றாம் நிலையத்திலே இறங்கினால் மீண்டும் லௌட்டன். மூன்றாவது வழி மேற்கே ஹை பீச் மேட்டுக்கு ஏறிப் பின்னர் தெற்கே கொனோட் ஏரிக்கு இறங்குவது. ஏரிக்கு அப்பால் சிங்போட்டிலே, எட்டாம் ஹென்றி மன்னன் வேட்டை காண்பதற்காக 1543ஆம் ஆண்டிலே கட்டுவித்த மர மாளிகை இன்றும் நிற்கின்றது. 1911ஆம் ஆண்டிலே தோன்றி, அவ்வூரிலே இயங்கும் ஓரியன் ஹரியர்ஸ் என்னும் ஓட்டக் கழகத்தார் இக்காட்டையே தம் பயிற்சிக் களமாகக் கொண்டவர்.

மேட்டிலே பரல் மண், பள்ளங்களிலே களிமண். மழைக்குப் பின் அக்களி சப்பாத்தைப் பற்றினால் எளிதில் விடாது. எம் சப்பாத்து ஒன்று போல்ட்வின் குளத்தருகே சேற்றிலே தங்கிவிட, எம் மருமகள் அதனைத் தோண்டி எடுத்துத் தந்தாள். “மாமா, இது நடந்ததற்கே, ஓடியிருந்தால்?” என்று தங்கை கேட்டார். வழக்கிலே தமக்கு ஒரு சான்று கிடைத்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்திலே தெரிந்தது.

அப்பொழுது எம் கண்ணைக் கவர்ந்தவை அங்குள்ள மரங்களே. பீச், ஓக், ஹோர்ண்பீம் ஆகிய மரங்கள் ஓராள் உயரத்திலே பருத்த தலை வைத்து, அங்கிருந்து பல கைகளை நீட்டி நின்றன. யாழ்ப்பாணத்து வேலிகளிலே குழை வெட்டி வெட்டி முண்டு விழுந்த பூவரசையும் கிளுவையையும் கண்டவர்க்கு அதன் காரணம் எளிதில் விளங்கும். நம்மவர் ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் குழை வெட்டினர். லௌட்டன் ஏழைகள் குளிர்காலத்து அடுப்புக்குக் கிளை வெட்டினர். மானும் மாடும் இளந்தளிரை எட்டாதவாறு தலைக்கு மேலே வெட்டுவது முறை. நவம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு தொடங்கி ஏப்ரல் 23 வரை கிளை வெட்டும் உரிமை அக்காலத்திலே ஊரவர்க்கு வழிவழியாக இருந்தது.

அவ்வுரிமைக்கு நேர்ந்த கதையை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, நிலப்பிரபுக்கள் காட்டைத் துண்டு துண்டாக வேலியடைத்து விற்கத் தொடங்கினர். அயலிலிருந்த ஹெயினோல்ற் காடு 1851ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அழிவுற்றது. அதன் மரங்கள் பெரும்பாலும் வேரோடு பிடுங்கப்பட்டன. லௌட்டனிலும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேலிக்குள்ளாயிற்று. தோமஸ் வில்லிங்கேல் என்னும் முதிய தொழிலாளி மட்டும் வேலியைப் பொருட்படுத்தாது கிளை வெட்டி வந்தார். நள்ளிரவிலே ஒருவரும் வெட்ட வரலாகாதென்று பிரபு ஊரவர்க்கு விருந்தும் மதுவும் அளித்தார் என்றும், கிழவர் மட்டும் எழுந்து சென்று கோடரியைப் போட்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. 1866ஆம் ஆண்டிலே அவருடைய மகனும் உறவினர் இருவரும் கிளை வெட்டிய குற்றத்துக்காகச் சிறை சென்றனர். கிழவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியுமுன்னரே 1870இலே இறந்தார். மறு ஆண்டிலே இலண்டன் நகர மன்றம் அப்போராட்டத்தை ஏற்றுத் தானும் வழக்குத் தொடுத்து, 1874இலே வென்றது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை அம்மன்றத்தின் காவலிலே ஒப்படைத்தது. 1882ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், விக்டோறியா மகாராணியார் ஹை பீச்சுக்கு வந்து அதனைப் பொதுமக்களின் இன்பத்துக்கென அர்ப்பணித்தார்.

இதிலே ஓர் இரங்கத்தக்க செய்தியும் உண்டு. காட்டைக் காத்த சட்டமே கிளை வெட்டும் உரிமையை நீக்கிவிட்டது. அதற்கு ஈடாக வழங்கப்பட்ட 7,000 பவுணைக் கொண்டு 1884இலே லௌட்டனில் ஒரு மண்டபம் எழுந்தது. ‘லொப்பிங் மண்டபம்’ என்னும் பெயரே கிளை வெட்டியவர்களின் நினைவாக நிற்கின்றது. கிளை வெட்டுவோர் நின்றதும் மரங்களின் தலை கனத்தது, நிழல் அடர்ந்தது, கீழே செடி கொடிகள் குன்றின. ஆகவே காவலர்கள் இக்காலத்திலே சில இடங்களில் மீண்டும் அம்மரங்களை வெட்டி வருகின்றனர். மனிதன் தொடாமையாற் காடு வாழும் என்பது எப்போதும் உண்மையன்று. அளவறிந்து தொடுதலே வேண்டும்.

இக்கதையை எம் மருமகள், ஒரு பழமரத்தின் அடியிலே நின்றுகொண்டு தாய்க்குச் சொன்னாள். தங்கையார் மரத்தின் முண்டைத் தடவியவாறு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்பு வேலிக்குக் குழை வெட்டுகிறபோது நான் கீழே நின்று பொறுக்குவேன்” என்று மட்டும் சொன்னார்.

வீடு திரும்பியதும் நாம் தீர்ப்புக் கூறினோம். பிள்ளை ஓடலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. தனியே ஓடலாகாது. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலே சொல்லிச் செல்லல் வேண்டும். மாரிகாலத்திலே பொழுது நாலு மணிக்கே சாய்ந்துவிடுமாதலின், நண்பகலுக்குள் திரும்புதல் வேண்டும். முதல் மாதம் சிறிய வழியோடு அமைதல் நன்று. குதிரையிற் செல்வோரைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி நடத்தல் வேண்டும், குதிரை மிரளும். வீடு வந்ததும் கால்களிலே உண்ணி பற்றியிருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். அதனால் வரும் காய்ச்சல் கொடியது. பழமரங்களின் வேரடியை மிதித்து ஓடாது பாதையிலேயே ஓடுதல் வேண்டும். ஆயிரம் பேர் காலடி பட்டால் மண் இறுகி வேர் மூச்சுவிட இயலாது போகும். ஏழைகள் சிறை சென்று காத்ததை, ஓடி மகிழ்வோர் அறியாமையால் அழித்தலாகாது.

இரு திறத்தாரும் தீர்ப்பை ஏற்றனர். சனிக்கிழமை வந்தது. பிள்ளை சென்ற நேரம் முழுவதும் தங்கையார் சாளரத்தருகேதான் இருந்தார். காட்டு நிலத்தை முல்லையென வகுத்த நம் முன்னோர், காத்திருத்தலை அதற்குரிய ஒழுக்கமாக வைத்தது எம் நினைவுக்கு வந்தது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னரே, முழங்கால்வரை சேறும் முகம் நிறைந்த சிரிப்புமாக மகள் வந்து நின்றாள்.

“சப்பாத்தை வெளியிலே கழற்று” என்றார் தாய். சற்றுப் பொறுத்து, “டொக்டர் என்னையும் நடக்கத்தான் சொன்னவர். சீனி கூடிப் போச்சாம். அந்தச் சின்ன வழி, குளம்வரைக்கும், நாளைக்கு நானும் வாறேன்” என்றார்.

நேயர்களே, பிள்ளைகள் செல்லும் வழியை அறியாது தடுப்பதினும், ஒரு முறையேனும் அவ்வழியிலே உடன் நடந்து பார்ப்பது பெற்றோர்க்கு அழகு. அச்சத்திற் பாதி அந்த நடையிலே தீர்ந்துவிடும். மீதிப் பாதி நல்ல எச்சரிக்கையாக மாறிவிடும்.